மாநில வரியை எதிர்த்து ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகலாமா? வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வீடு வாங்கியிருக்கிறேன். உள்ளூர் நிர்வாகமான கவுண்டி, சொத்து வரிக்காக அதன் மதிப்பை ஏகத்துக்கும் ஏற்றிவிட்டது. ஃபெடரல் கோர்ட்டில், அதாவது மத்திய அரசின் நீதிமன்றத்தில், தடை வாங்க முடியுமா?

முடியாது. 1937-இல் வந்த டாக்ஸ் இன்ஜங்ஷன் சட்டம் குறுக்கே நிற்கிறது. மாநிலச் சட்டப்படி போடும் வரியை, அது கவுண்டி வரியாகவே இருந்தாலும், ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம் நிறுத்தி வைக்கக் கூடாது. அந்த மாநில நீதிமன்றத்திலேயே தெளிவான, விரைவான, பயனுள்ள நிவாரணம் கிடைக்கும் என்றால் போதும், இந்தக் கதவு மூடிவிடும். வெளிமாநிலக் கம்பெனிகள் ஃபெடரல் கோர்ட்டில் தடை வாங்கிப் பெருந்தொகையைக் கட்டாமல் நிறுத்திவைக்க, உள்ளூர்க்காரர்கள் மட்டும் முதலில் கட்டிவிட்டு அப்புறம் வழக்காடிக்கொண்டிருந்தார்கள், அந்தப் பாரபட்சத்தை ஒழிக்கத்தான் இந்தச் சட்டமே வந்தது. நீங்கள் போக வேண்டிய இடம் கவுண்டியின் போர்டு ஆஃப் ரிவிஷன், சொத்து மதிப்பு மீதான புகார்களை விசாரிக்கும் குழு. மார்ச் 31-க்குள் புகார் போடுங்கள்.

தடை வேண்டாம், வரி செல்லாது என்று அறிவித்தால் போதும் என்றால்?

அதுவும் நடக்காது, 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. நஷ்டஈடு கேட்கும் வழியை அதற்கு முந்தைய வருஷமே அடைத்தாயிற்று.

மாநிலத்தில் வருஷக்கணக்கில் இழுக்கிறார்களே, இதுவா விரைவு?

நியாயமான கோபம். இல்லினாய்ஸில் சொத்து வரியைக் கட்டிவிட்டு ரீஃபண்டுக்கு இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும், வட்டியும் கிடையாது என்ற ஏற்பாட்டையே 1981-இல் ரோஸ்வெல் வழக்கில் 5-4 என்ற கணக்கில் போதும் என்று சொல்லிவிட்டார்கள். என்னைக் கேட்டால் மாறுபட்ட அந்த நான்கு நீதிபதிகள் பக்கம்தான் நியாயம். ஆனால் சட்டம் இப்போது இதுதான், தாமதத்தை மட்டும் காட்டி ஃபெடரல் கோர்ட்டுக்குள் நுழையப் பார்த்தால் காசும் நேரமும்தான் போகும்.

அரசியல் சாசனத்தையே மீறிய வரி என்றாலுமா?

ஆமாம், ஆனால் மனம் தளர வேண்டாம். மாநில நீதிமன்றமும் அமெரிக்க அரசியல் சாசனத்துக்குக் கட்டுப்பட்டதுதான். மேரிலாந்தில் வின் தம்பதிக்குப் பங்கு இருந்த கம்பெனி 39 மாநிலங்களில் வரி கணக்கு காட்டியது. வெளியே கட்டிய வரியைக் கவுண்டி வரியில் கழிக்க மேரிலாந்து மறுத்தது. அவர்கள் மாநில வரி நீதிமன்றத்தில் தொடங்கி, படிப்படியாக ஏறி, 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். இந்த வழிக்குக் கீழ்மட்டத்திலேயே சாசன வாதத்தை எழுத்தில் எழுப்பியிருக்க வேண்டும், பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

யாருக்குமே விலக்கு கிடையாதா?

உண்டு. அமெரிக்க அரசே வழக்குப் போடலாம், பூர்வகுடிகளின் அரசுகளும் போடலாம். வெளிமாநில விற்பனையாளர்களை வாடிக்கையாளர் விவரத்தைத் தரச் சொன்ன கொலராடோ சட்டம் வரி வசூல் அல்ல, வெறும் தகவல் கேட்பது, அதனால் அதை எதிர்ப்பதை 1937 சட்டம் தடுக்காது என்று 2015-இல் ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. ஆனால் 2010-இல் ஒஹாயோ எரிவாயு வழக்கில், மாநிலத்துக்கு மரியாதை கொடுத்து ஃபெடரல் கோர்ட் ஒதுங்க வேண்டும் என்று சொல்லிவிட்டதால் சந்து மிகக் குறுகல்.

மாசசூசெட்ஸ் கம்பெனிக்கு நியூ ஹாம்ப்ஷயர் வீட்டிலிருந்து வேலை பார்த்தேன், மாசசூசெட்ஸ் வரி பிடித்தது. என் மாநிலம் வழக்குப் போடாதா?

போட்டது. 2021-இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்கவே மறுத்துவிட்டது. மாசசூசெட்ஸ் வருவாய்த் துறையிடம் அபேட்மென்ட் (வரிக் குறைப்பு) மனு, அவர்கள் மறுத்தால் அப்பெல்லேட் டாக்ஸ் போர்டு என்ற வரி மேல்முறையீட்டு வாரியம், இதுதான் பாதை. கெடு தாண்டியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.