கண்ணில் கோளாறில்லை, போர்டு மட்டும் தெரியவில்லை!

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர்த்ததிலிருந்து போர்டு தெரியவில்லை என்கிறாள். டாக்டரோ, "கண் நல்லா இருக்கு, எல்லாம் மனசுதான்" என்கிறார். வீட்டில் தரையில் கிடக்கும் ஊசியைக்கூட எடுத்துத் தருகிறாள். நடிக்கிறாளா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: ஊசிக் கணக்கை முதலில் விடுங்கள். கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்கும் பக்கத்தில் இருக்கும் ஊசி தெரியும், தூரத்துப் போர்டு தெரியாது. சொட்டு மருந்து விட்டு, கண்பாப்பா (கருவிழியின் நடுவில் உள்ள துளை) விரிந்த பிறகு பவர் பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால் சோதனை பாதியில் நிற்கிறது என்று அர்த்தம். கண்ணின் குவியத் தசை இறுகிப்போய், இல்லாத மைனஸ் பவர் இருப்பதுபோல் காட்டுவதும் உண்டு. மருந்து விட்டால்தான் அது பிடிபடும்.

பவர் சரி, விழித்திரை சரி, நரம்பு சரி, ஆனாலும் மங்கல் என்றால், மன அழுத்தத்தால் வரும் பார்வைக் குறைவாக இருக்கலாம். எட்டு, ஒன்பது வயதிலிருந்து பதின்பருவம் வரை வரும். பெண் பிள்ளைகளிடம் அதிகம். பெரும்பாலும் இது திட்டமிட்ட பொய் அல்ல, அவளுக்கு உண்மையிலேயே தெளிவாகத் தெரிவதில்லை. "அப்போ ஊசி மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" என்று மடக்கினால், தான் சொன்னது நிஜம் என்று காட்டுவதற்கே பிள்ளை இன்னும் பிடிவாதமாக அதில் நிற்பாள்.

கேள்வி: ஸ்கேன் நார்மல் என்றாலே மனசுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: கூடாது. 'நோய் அகப்படவில்லை' என்பது வேறு, 'கண் பார்க்கிறது' என்று காட்டுவது வேறு. இரண்டாவதைச் செய்யாமல் மனசின் மேல் பழி போடுவதை நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். காட்டுவதற்குப் பெரிய இயந்திரமும் வேண்டாம்.

சோதனைக் கண்ணாடிச் சட்டத்தில் +2 லென்ஸும் −2 லென்ஸும் சேர்த்துப் போட்டால் மொத்தப் பவர் பூஜ்யம். "இது எழுத்தை நல்லாக் காட்டும்" என்று சொல்லி வைத்ததும், 6/36 வரிசையில் (நல்ல கண்ணுக்கு 36 மீட்டரில் தெரியும் எழுத்து 6 மீட்டரில்தான் தெரிவது) நின்ற பிள்ளை பெரும்பாலும் முழுப் பார்வையான 6/6 வரை வாசித்துவிடும். இன்னொரு வழி, அட்டையை அடியிலிருந்து ஆரம்பிப்பது. மிகச் சின்ன வரிசையை முதலில் காட்டி, அவசரப்படாமல், "சரி, இப்போ கொஞ்சம் பெரிசு" என்று ஒவ்வொரு வரிசையாக மேலே ஏறினால், 6/9-க்குள் பல பிள்ளைகள் வாசித்துவிடுவார்கள். வழக்கம்போல் மேலிருந்து இறங்கினால் பாதியிலேயே நின்றுவிடும்.

6 மீட்டரில் 6/60 எழுத்துதான் தெரிகிறது என்றால், 3 மீட்டருக்கு வந்ததும் அதில் பாதி அளவு எழுத்து தெரிந்தாக வேண்டும். எங்கே நின்றாலும் அதே வரிசைதான் என்றால் கணக்கு உதைக்கிறது. பார்வைப் பரப்பும் அப்படித்தான்: 1 மீட்டரில் 30 செ.மீ. அகலம் தெரிந்தால் 2 மீட்டரில் 60 செ.மீ. தெரிய வேண்டும். குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் 30-லேயே நின்றால் அது கண் நோயின் போக்கு அல்ல.

இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கிறதா என்று சோதிக்க, தனிக் கண்ணாடி போட்டுப் பார்க்கும் முப்பரிமாணப் படப் புத்தகம் உண்டு. அதில் ஈப் படத்தின் இறக்கையைப் பிள்ளை பிடிக்கப் போனால் மட்டும் போதாது, மங்கிய கண்ணுக்கும் அந்த ஈ எழும்பித் தெரியும். அதே புத்தகத்தின் வட்டங்களில் கடைசியான 9-ஆவதைச் சரியாகச் சொன்னால்தான் இரண்டு கண்ணும் கிட்டத்தட்ட 6/6 என்று நம்பலாம்.

சோதனை கெடுவது பெரும்பாலும் அறைக்குள் இருக்கும் பெரியவர்களால். பின்னால் நின்று, "நல்லாப் பாரு, சொல்லு" என்று அம்மா முடுக்கினால் எந்த முடிவும் நம்பத்தக்கதல்ல.

கேள்வி: மனசுக் கோளாறு என்று தவறாக ஒதுக்கப்படும் நோய்கள் எவை?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதலில் ஸ்டார்கார்ட் நோய், அதாவது விழித்திரையின் மையப் பகுதி மெல்லச் சிதையும் நோய். ஆரம்பத்தில் விழித்திரை பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும், பிள்ளைக்கோ எழுத்து தெரியாது. ஓசிடி (விழித்திரை அடுக்குகளைக் காட்டும் ஸ்கேன்), ஆட்டோஃப்ளூரசன்ஸ் படம் (விழித்திரை தானாக ஒளிர்வதைப் பிடிக்கும் படம்), ஈஆர்ஜி (விழித்திரையின் மின் துடிப்பை அளக்கும் சோதனை) ஆகியவற்றில் தடயம் கிடைக்கும். பரம்பரை நோய் என்பதால், சொந்தத்தில் திருமணம் செய்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கண்ணை ஓயாமல் கசக்கும் பிள்ளைக்குக் கருவிழி கூம்பு வடிவில் முன்னால் துருத்தியிருக்கலாம், கருவிழி வரைபடம் எடுக்க வேண்டும். காலையில் தலைவலி, வாந்தி, புதிதாக மாறுகண், இரவில் தடுமாற்றம், ஆண் பிள்ளைக்குப் படிப்பும் நடத்தையும் சேர்ந்து சரிவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மறுபடி முழுச் சோதனை. மனக் காரணம் உறுதியான பிள்ளைக்கும் சில வாரத்தில் ஒருமுறை, மூன்று மாதத்தில் ஒருமுறை திரும்பப் பார்ப்பது நல்லது. மனக் காரணமும் கண் நோயும் ஒரே பிள்ளைக்கு இருப்பதுண்டு.

கேள்வி: என் வகுப்பில் இப்படி ஒரு மாணவி. நான் என்ன செய்யலாம்?
- ஆசிரியை, விழுப்புரம்

பதில்: முதல் பெஞ்சில் உட்கார வையுங்கள், போர்டில் இருப்பதை வாய்விட்டும் சொல்லுங்கள். எல்லார் முன்னாலும் "தெரியுதா, தெரியுதா" என்று கேட்க வேண்டாம். மங்கல் எந்தப் பாடவேளையில், எந்த நாளில் வருகிறது என்று குறித்துவைத்தால் காரணம் தானே வெளிவரும். கணக்கு வகுப்பாக இருக்கும், கேலி செய்யும் பிள்ளையாக இருக்கும், வீட்டில் சண்டையாக இருக்கும். பக்கத்துப் பெஞ்சுக்காரி புதுக் கண்ணாடி போட்டு வந்ததாகவும் இருக்கும்! யாராவது தொட்டுத் தொந்தரவு செய்கிறார்களோ என்ற சந்தேகம் வந்தால் காத்திருக்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416.

கேள்வி: திருப்திக்காக ஒரு ஜீரோ பவர் கண்ணாடி வாங்கித் தரலாமா?
- வாசகி, சேலம்

பதில்: வேண்டாம். கண்ணாடி வந்ததும் 'கண்ணில்தான் கோளாறு' என்று பிள்ளை முடிவு செய்துவிடும், பிறகு கழற்ற வைப்பது பெரும்பாடு. "உன் கண் நல்லா இருக்கு, பார்வை கொஞ்சம் களைச்சிருக்கு, சில வாரத்துல தானா தெளியும்" என்று டாக்டர் வாயால் சொல்ல வையுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுதான் மருந்து.