"எது சரி, சார்?"

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். பாடநூலோடு நிற்காமல் முதன்மைச் சான்றுகளையும் (அந்தக் காலத்து ஆட்களே சொன்னதை, எழுதியதை) படிக்கக் கொடுக்கிறேன். பிள்ளைகளோ அதையும் இன்னொரு பாடநூல் மாதிரிதான் படிக்கிறார்கள். இரண்டு சான்றுகள் முரண்பட்டால், "எதை எழுதினால் மார்க்?" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: என் வகுப்பில் இதைவிடக் கூத்து. ஓட்டெடுப்பே நடத்திவிட்டார்கள்.

டைட்டானிக் முழுசாக மூழ்கியதா, இரண்டாக உடைந்து மூழ்கியதா? இதுதான் அன்றைய கேள்வி. 1912 ஏப்ரல் 15 அதிகாலை கப்பல் மூழ்கியது. நான்கே நாளில் அமெரிக்க செனட் குழு விசாரணையைத் தொடங்கிவிட்டது. தப்பியவர்கள் சொன்ன சாட்சியம் கேள்வியும் பதிலுமாக அப்படியே கிடைக்கிறது. ஆசையில் பதினோரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து நீட்டினேன். அது என் தப்பு. பிழைத்த அதிகாரிகளில் மூத்தவரான லைட்டோலர் கப்பல் உடையவில்லை என்கிறார், அதிகாரிக்குத் தெரியாதா என்று ஒரு கட்சி. மாலுமிகள் சிலர் உடைந்தது என்கிறார்களே என்று எதிர்க்கட்சி. கைதூக்கச் சொல்லி எண்ணினார்கள். அதிகாரி ஜெயித்தார்.

(சிரிக்காதீர்கள். செனட் குழுவும் சாட்சியத்தின் பலம் எந்தப் பக்கம் அதிகம் என்று பார்த்து, முழுசாகத்தான் மூழ்கியது என்று எழுதியது. பிரிட்டிஷ் விசாரணையும் அப்படியே முடித்தது.)

மறு வருடம் சாட்சியத்திலிருந்து இரண்டே துண்டு, ஒவ்வொன்றும் பத்து வரி. சொன்னவர் பெயரையும் பதவியையும் மறைத்துவிட்டேன். வழக்கம்போல் "எது சரி, சார்?" நான் வாயைத் திறக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "ரெண்டு பேரும் அப்போ எங்கே இருந்தாங்க, சார்?" என்றாள். மீதி வகுப்பு முழுக்க அந்தக் கேள்வியில்தான் ஓடியது.

பெயர்களை வெளியே எடுத்தேன். லைட்டோலர் கடலில் விழுந்து, கவிழ்ந்த படகு ஒன்றைப் பிடித்துத் தப்பியவர். அன்று நிலவு இல்லை. மற்றவர் ஃபிராங்க் ஆஸ்மன் என்ற மாலுமி, உயிர்காப்புப் படகிலிருந்து பார்த்தவர். "லைட்டோலருக்குச் சம்பளம் யார் கொடுத்தாங்க?" என்று ஒரு பையன் கேட்டான். கப்பல் கம்பெனி. அவ்வளவுதான், "அப்போ பொய்!" என்று வகுப்பே துள்ளியது. இந்த இடத்தில்தான் ஆசிரியர் பிடித்து நிறுத்த வேண்டும். பொய் சொல்லக் காரணம் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் பொய் சொன்னதாக ஆகிவிடாது. இருட்டில் தத்தளித்தவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்ததோ என்னவோ. அதே சந்தேகத்தோடு ஆஸ்மனையும் குடையச் சொன்னேன். பிடித்த சாட்சியைக் குடையத்தான் பிள்ளைகளுக்குக் கஷ்டம். (நமக்கும்தான்.)

1985இல் கடலடியில் கப்பலைக் கண்டுபிடித்தபோது அது இரண்டு துண்டாகக் கிடந்ததை மறுநாள்தான் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருந்தால் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். சொன்னதும் லைட்டோலர் காகிதத்தைக் கசக்கப் போனார்கள். கப்பல் எப்படி மூழ்கியது என்பதற்கு அது மோசமான சான்றுதான். ஆனால் 1912இல் விசாரணைக் குழுக்கள் யார் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்தன என்று கேட்டால், அதுவே அருமையான சான்று.

சரி, மார்க் விஷயம். பரீட்சையில் "எது சரி?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். "இந்தச் சான்றை வைத்துக்கொண்டு எதைச் சொல்ல முடியாது? ஏன்?" என்று கேட்டு அதற்கு மார்க் போடுங்கள். இரண்டு தேர்வில் பழகிவிடுவார்கள்.

கேள்வி: பழைய ஆவணங்களின் நடை பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கிறது. சுருக்கி, எளிமையாக்கிக் கொடுக்கலாமா? அப்புறம் அது முதன்மைச் சான்றாகுமா?

பதில்: தாராளமாகச் சுருக்குங்கள். வெட்டிய இடத்தில் புள்ளி வையுங்கள், மூலத்தின் நாலு வரியையாவது பக்கத்தில் அச்சிடுங்கள். நீங்கள் மாற்றியது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கொலம்பஸ் 1492 பயணத்தில் எழுதிய குறிப்பேடே இன்று இல்லை. லாஸ் காஸாஸ் என்ற பாதிரியார் எடுத்து வைத்த சுருக்கம்தான் இருக்கிறது. அதில் பெரும்பகுதி "அட்மிரல் (கொலம்பஸ்தான்) இப்படிச் செய்தார்" என்றே போகும், நடுநடுவே கொலம்பஸ் "நான்" என்று பேசுவார். அதில் ஒரு பக்கத்தைக் கொடுத்து, எங்கே கொலம்பஸ், எங்கே பாதிரியார் என்று இரண்டு நிறப் பென்சிலால் கோடு போடச் சொல்லிப் பாருங்கள். எந்த நிறம் என்று முடிவாகாத வரிகள் வரும். அவற்றில்தான் சண்டை களைகட்டும்.