சர்க்கரை ஏன் நிறம் மாறவில்லை?

கேள்வி: குளுக்கோஸ் போன்ற சர்க்கரைகளைக் கண்டறியும் பெனடிக்ட் கரைசலில் சர்க்கரைக் கரைசலைச் சேர்த்துச் சூடாக்கினேன். நீலம் அப்படியே இருக்கிறது. கரைசல் கெட்டுவிட்டதா?

பதில்: கொட்டிவிடாதீர்கள், கரைசல் நன்றாகத்தான் இருக்கும். சர்க்கரை என்பது சுக்ரோஸ். அதில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கைகோத்து நிற்பதால், பெனடிக்டுக்கு நீலம் தரும் தாமிர அயனியை எலக்ட்ரான் கொடுத்து ஒடுக்க அதனால் முடியாது. புதிதாகக் கொஞ்சம் சர்க்கரைக் கரைசல் எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளி விட்டு, கொதிநீரில் சில நிமிடம் வையுங்கள், பிணைப்பு அறும். ஆறியதும் சமையல் சோடாவைச் சிறிது சிறிதாக, நுரைப்பது நிற்கும்வரை போடுங்கள். என் மாணவர்கள் அவசரத்தில் விட்டுவிடுவது இதைத்தான். அமிலம் மிஞ்சியிருக்கக் கூடாது, பெனடிக்ட் காரத்தன்மையுள்ள கரைசலில்தான் வேலைசெய்யும். அப்புறம் பெனடிக்ட் சேர்த்துச் சூடாக்குங்கள், செங்கல் சிவப்பு வரும். ஸ்டார்ச் இருக்கிறதா என்று பார்ப்பதென்றால் அயோடின் போதும், கருநீலம் வரும், அடுப்பே வேண்டாம். சூடாக்கினால் அந்தக் கருநீலம் மறைந்தே போகும்!