உலோகம் கேளுங்கள்: தோட்டா உறையும் புளித்தண்ணீரும்

கேள்வி: அக்கா, எனக்கு ரேஞ்சில் இலக்குச் சுடும் பழக்கம் உண்டு. சுட்டு முடித்த 308 ரைஃபிள் தோட்டாக்களின் பித்தளை உறைகளைச் சேர்த்துவைத்து, மறுபடி நிரப்பக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அம்மா குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளி போட்டுக் கழுவலாமா? கடையில் விற்கும் பித்தளை பாலிஷ் நல்லதா? ஒரு உறை சைசிங் டைக்குள் (சுட்டதில் விரிந்த உறையைப் பழைய அளவுக்கு இறுக்கும் அச்சு) சிக்கிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்கிறது. என்ன செய்ய?
- வாசகர், டல்லஸ்

பதில்: முதலில் அந்தப் பாலிஷைத் தூர வையுங்கள், தம்பி. பித்தளை பாலிஷ் பலவற்றில் அம்மோனியா கலந்திருக்கும். தோட்டா உறை 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் சேர்ந்த பித்தளை. தகட்டை இழுத்து இழுத்துக் குழாயாக்குவதால் உலோகத்துக்குள் இறுக்கம் தங்கிவிடுகிறது. அதன்மேல் அம்மோனியா பட்டால் நாளடைவில் வெடிப்பு விடும். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவம் பட்ட பாடு இது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் உறைகள், யாரும் தொடாமலே பிளந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அம்மோனியாவும் காற்றின் ஈரமும்தான் காரணம் என்று 1921இல் விளக்கினார்கள். உலோகவியல் வகுப்பில் இதைப் படித்த நாளிலிருந்து பித்தளைப் பக்கம் அம்மோனியாவை நான் அண்டவிடுவதில்லை.

புளி வேலை செய்யும். அதிலுள்ள டார்டாரிக் அமிலம் கறுப்பைக் கரைத்துவிடும். ஆனால் அதன் சக்கை உறையின் குறுகலான கழுத்துக்குள் போய் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. அதே வேலையைச் சிட்ரிக் அமிலம் சுத்தமாகச் செய்கிறது. சுட்ட பிரைமரை, அதாவது உறையின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியை, முதலில் தட்டி எடுத்துவிட்டு, வெந்நீரில் ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலமும் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டும் விட்டு, பத்து நிமிடம் அலசுவேன். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவி, முழுக்கக் காயவிடுவேன். ராத்திரி முழுக்க அமிலத்தில் ஊறப்போடாதீர்கள். மேலாக இருக்கும் துத்தநாகம் கரைந்து, உறை ரோஜா நிறத்துக்குப் போய்விடும். செங்கல்பொடி, சாம்பல் எதுவும் வேண்டவே வேண்டாம். ஒரு மணல் துணுக்கு டைக்குள் போனால், அடுத்து வரும் ஒவ்வொரு உறையிலும் கோடு கிழிக்கும்.

வால்நட் ஓடு, சோளத்தக்கைத் தூள் போட்டுக் குலுக்கும் மெஷின் வைத்திருப்பவர்கள் தூசியில் கவனமாக இருக்க வேண்டும். பிரைமர் மருந்தில் ஈயச் சேர்மம் இருப்பதால் அந்தத் தூசியிலும் ஈயம் இருக்கும். சமையலறையிலோ குழந்தைகள் விளையாடும் இடத்திலோ அதை ஓட்டாதீர்கள். தூளை வெளியில் வைத்துக் கொட்டுங்கள், முகமூடி போடுங்கள், கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். இதில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை.

பளபளப்பு எனக்கு இரண்டாம் பட்சம். சுத்தமான உறையில்தான் குறை கண்ணில் படும். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுற்றிவர ஒரு வெளிர்க் கோடு தெரிந்தால், அங்கே உலோகம் மெலிந்துவிட்டது என்று அர்த்தம். நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் தயங்காமல் குப்பையில் போடுங்கள்.

இனி உங்கள் டை. இரும்பு டைக்குள் கழுத்து குறுகிய ரைஃபிள் உறையை எண்ணெய்ப்பசை இல்லாமல் தள்ளினால் இப்படித்தான் கவ்விக்கொள்ளும். உறையை டைக்குள் தள்ளும் பிரஸின் கைப்பிடியில் தொங்கி முறுக்காதீர்கள், உறையின் விளிம்பு பிய்ந்துபோகும். டையைக் கழற்றி, உள்ளே இருக்கும் தண்டை முடிந்தவரை பின்வாங்குங்கள். உறையின் அடியில் துளை போட்டு, மரை வெட்டி, ஒரு போல்ட்டை முடுக்கி இழுத்தால் வந்துவிடும். இதற்கென்றே சாமான் செட் கடையில் கிடைக்கிறது.

நான் பயன்படுத்துவது லானோலின், அதாவது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகுப் பசை. திரவ லானோலின் ஒரு பங்குக்கு 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் பத்துப் பன்னிரண்டு பங்கு கலந்து, உறைகளின் மேல் லேசாகத் தெளித்து உருட்டிவிடுவேன். ஆல்கஹால் முழுக்க ஆவியாகும்வரை பொறுக்க வேண்டும். கழுத்தின் உட்புறத்திலும் கொஞ்சம் படட்டும். உறையின் தோள்பட்டையில், அதாவது கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியில், அதிகம் பூசினால், பசைக்குப் போக்கிடம் இல்லாமல் அங்கே குழி விழும்.

சைசிங் முடிந்ததும் அந்தப் பசை முழுவதையும் துடைத்தெடுங்கள். வெடிக்கும் நொடியில் உறை விரிந்து, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் சேம்பரின் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் இருந்தால் பிடி நழுவி, சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் துப்பாக்கி போல்ட்டின் மேல் சுமை ஏறும். பசை உள்ளே தங்கினால் பிரைமரும் கெடும்.

கேள்வி: 9 எம்எம் பிஸ்டல் உறைக்கும் இந்தப் பசை வேண்டுமா?
- வாசகி, சான் ஹோசே

பதில்: கார்பைடு டை (இரும்பைவிடக் கடினமான, வழவழப்பான உட்புறம் கொண்டது) என்றால் கட்டாயமில்லை. லேசாகத் தெளித்தால் கைவலி குறையும், அவ்வளவுதான்.

கேள்வி: ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையையே ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகலாமா?
- வாசகர், ஹூஸ்டன்

பதில்: கூடாது. மடிப்பில் ஒரு தோட்டா மறைந்து கிடந்தாலும் சென்னை விமான நிலையத்தில் ஆயுதச் சட்டம், 1959 உங்கள் மேல் பாயும். காலி உறை என்றாலும் விளக்கம் சொல்லி நிற்க வேண்டிவரும். ஊர்ப் பயணத்துக்கு வேறு பை வாங்கிக்கொள்ளுங்கள்.