இலவசம் என்றால் எதற்கு இத்தனை நிபந்தனை? (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: இரட்சிப்பு இலவச ஈவு என்கிறார்கள். உடனே மனந்திரும்பு, விசுவாசி, ஞானஸ்நானம் எடு என்கிறார்கள். இதெல்லாம் விலை இல்லையா?

பதில்: எபேசியர் 2:8-10ஐ வேற்றுமை உருபுகளைக் கவனித்து வாசியுங்கள். நாம் இரட்சிக்கப்பட்டது 'கிருபையினாலே'. அதைப் பெற்றது 'விசுவாசத்தைக்கொண்டு'. புதிதாகச் சிருஷ்டிக்கப்பட்டது நற்கிரியைகளைச் 'செய்கிறதற்கு'. கிருபை காரணம், விசுவாசம் வாங்கும் கை, நற்கிரியை பின்னால் வரும் கனி. இந்த மூன்றும் இடம் மாறும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

ரோமர் 6:23 மரணத்தைச் 'சம்பளம்' என்கிறது, நித்தியஜீவனைக் 'கிருபைவரம்' என்கிறது. சம்பளம் என்பதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் போர்வீரனின் படிக்காசைக் குறிப்பது. உழைத்தவன் அதை உரிமையோடு கேட்கலாம். வரத்தை அப்படிக் கேட்க முடியாது. கிரியை செய்கிறவனுக்கு வருவது கிருபை அல்ல, கடன் என்று அதே நிருபம் 4:4 சொல்கிறது. அப்படியென்றால் நம் பங்காக நூற்றில் ஒன்றைச் சேர்த்தாலும் ஈவு கூலியாகிவிடும்.

மனந்திரும்புதல் என்பது இதுவரை இறுகப் பற்றியிருந்ததை விட்டுவிட்டு தேவனிடம் திரும்புவது. மூடிய கையில் எதையும் வைக்க முடியாதே! கையை விரித்ததற்காகப் பரிசை விலைக்கு வாங்கினோம் என்று ஆகாது. ஞானஸ்நானத்தைப் பற்றிச் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் அப்போஸ்தலர் 10:44-48ஐப் பாருங்கள். கொர்நேலியு என்ற ரோமப் படை அதிகாரியின் வீட்டில் கூடியிருந்தவர்கள்மேல் முதலில் பரிசுத்த ஆவி இறங்கினார். ஞானஸ்நானம் பிறகு வந்தது. பேதுரு அதைத் தள்ளிப்போட விடவில்லை, கட்டளையிட்டே கொடுக்கச் செய்தார்.

கேள்வி: ஒவ்வொரு கூட்டத்திலும் ஒப்புக்கொடுத்து ஜெபிக்கிறேன். கண்ணீரும் வரவில்லை, இரட்சிக்கப்பட்டேன் என்ற நிச்சயமும் வரவில்லை. என் விசுவாசம் போதாதோ?

பதில்: உங்களை அறியாமலே கண்ணீரை விலையாக வைக்கிறீர்கள். ரோமர் 10:9 கேட்பவை இரண்டே: இயேசுவைக் கர்த்தர் என்று வாயால் அறிக்கையிடுவது, தேவன் அவரை மரித்தோரிலிருந்து எழுப்பினார் என்று இருதயத்தில் விசுவாசிப்பது. உணர்ச்சியின் அளவு அங்கே கேட்கப்படவில்லை. நம் விசுவாசத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அது எப்போதும் குறைவாகத்தான் தெரியும். பார்வை கிறிஸ்துவின்மேல் இருக்கட்டும்.

லூக்கா 23:39-43ஐ நிதானமாக வாசியுங்கள். இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட கள்ளர்களில் ஒருவன் தன் தண்டனை நியாயமானது என்று ஒப்புக்கொண்டான். இயேசுவிடம் குற்றமில்லை என்றான். தன்னை நினைத்தருளும்படி கேட்டான். அவ்வளவுதான். ஒரு நற்கிரியை செய்யவும் அவனுக்கு நேரம் இல்லை. நீங்களும் அதே மூன்றையும் உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லி ஜெபியுங்கள். அதன்பின் சந்தேகம் வரும்போதெல்லாம் மறுபடியும் முதலிலிருந்து கேட்காமல், தந்ததற்காக நன்றி சொல்லுங்கள். 1 யோவான் 5:13 எழுதப்பட்டதே விசுவாசிக்கிறவர்கள் தங்களுக்கு நித்தியஜீவன் உண்டென்று அறியும்படிதான். கலக்கம் விடாமல் தொடர்ந்தால் தனியே சுமக்க வேண்டாம், உங்கள் போதகரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.

கேள்வி: கிரியைகளினாலும் மனுஷன் நீதிமானாக்கப்படுகிறான் என்று யாக்கோபு 2:24 சொல்கிறதே?

பதில்: ரோமர் நிருபத்தை எழுதிய பவுலும் யாக்கோபும் ஆபிரகாமையே காட்டுகிறார்கள், ஆனால் வெவ்வேறு கட்டங்களில். பவுல் எடுப்பது ஆதியாகமம் 15:6. அங்கே ஆபிரகாமின் விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டது. அதற்குப்பின் இஸ்மவேல் பிறந்தபோது அவருக்கு வயது 86, உடன்படிக்கையின் அடையாளமாக விருத்தசேதனம் (நுனித்தோலை நீக்குவது) பண்ணப்பட்டபோது 99. அதாவது நீதிமான் என்று எண்ணப்பட்டு குறைந்தது 13 ஆண்டுகள் கழித்தே அந்த அடையாளம் வந்தது. யாக்கோபு காட்டுவது அதற்கும் பிந்திய 22ஆம் அதிகாரம், ஈசாக்கைப் பலியாக ஒப்புக்கொடுத்த நாள். முன்பே கிடைத்த நீதி அன்று செயலில் வெளிப்பட்டது. யாக்கோபு 2:14ஐயும் கவனியுங்கள்: விசுவாசம் உண்டென்று 'சொல்லுகிற' ஆளைத்தான் அவர் கேள்வி கேட்கிறார். பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்ற 19ஆம் வசனமும் அந்த ஆளுக்கே.