மழையில் வால்பாறை குரூப் ரைடு: புது ரைடர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தென்மேற்குப் பருவமழை நேரத்தில் கோவையிலிருந்து பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறைக்குக் குழுவாகப் போகத் திட்டமிடும் புது ரைடர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஆழியாறு செக்போஸ்ட் தாண்டியதும் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளை மனதில் வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் போகிறவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

கேள்வி: அண்ணா, லைசென்ஸ் எடுத்து ஆறு மாசம் ஆச்சு, 150 சிசி வண்டி. மொத்தம் 12 பேர் போறோம். நான் மெதுவா ஓட்டுவேன்னு என்னைக் கடைசியா வரச் சொல்றாங்க. அது சரியா?

சரியில்லை தம்பி. புதுசாக ஓட்டுகிறவரைக் கடைசியில் விடுவதுதான் குரூப் ரைடில் நடக்கும் முதல் தவறு. வரிசை ரப்பர் பேண்ட் மாதிரி நீளும், சுருங்கும். முன்னால் போகிறவர் ஒரு லாரியை முந்திவிட்டு 50-இல் சீராகப் போய்க்கொண்டிருப்பார். அதே லாரிக்குப் பின்னால் மாட்டிய பன்னிரண்டாவது ஆள், விட்டுப்போன இடைவெளியைப் பிடிக்க 70-க்கு மேல் போக வேண்டியிருக்கும். அதாவது அனுபவம் குறைந்தவர்தான் அதிக வேகத்தில் ஓட்டுகிறார், அதுவும் ஈரச் சாலையில்.

உங்கள் இடம் லீடருக்கு அடுத்தது, இரண்டாவது. லீடர் தன் கண்ணாடியில் உங்களைப் பார்த்துப் பார்த்து வேகத்தை வைக்க வேண்டும். நீங்கள் பின்தங்கினால் குறைக்க வேண்டியது அவர் வேலை. கடைசியில், ஸ்வீப் இடத்தில், குழுவிலேயே நிதானமான அனுபவசாலி வரட்டும். பஞ்சர் கிட், முதலுதவிப் பெட்டி, டோ கயிறு மூன்றும் அவரிடம் இருக்க வேண்டும்.

12 பேர் ஒரே வரிசையில் மலை ஏறவே வேண்டாம். நாலு நாலு பேராக மூன்று குழு, குழுவுக்கு ஒரு லீடர், ஒரு ஸ்வீப், நடுவில் ஐந்து நிமிட இடைவெளி. பின்னால் வரும் காரும் அரசு பஸ்ஸும் முந்த இடம் கிடைக்கும். பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிற ஒரே ஒருவருக்குப் பொறுப்பு. சாலை பிரியும் இடத்தில் அவர் கண்ணில் படும் வரை ஓரமாக நின்று, வழியைக் காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். இந்த ஒரு விதி இருந்தால் யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை.

கேள்வி: முன்னாடி போற வண்டிக்கும் எனக்கும் எவ்வளவு இடைவெளி விடணும்?

காய்ந்த சாலையில் குறைந்தது 2 விநாடி, மழையில் 4. முன் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டும்போது எண்ணத் தொடங்குங்கள். நீங்கள் அங்கே வருவதற்குள் நான்கு எண்ணி முடிக்க வேண்டும். 60 கி.மீ. வேகத்தில் இது ஏறக்குறைய 67 மீட்டர், 40-இல் 44 மீட்டர்.

அதிகமாகத் தோன்றும். கணக்கைப் பாருங்கள்: 60-இல் போகும்போது ஆபத்தைப் பார்த்து விரல் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி ஆனாலே 17 மீட்டர் ஓடிவிடும். ஈரத்தில் வண்டி நிற்க அதற்கு மேல் 35 மீட்டர் வரை பிடிக்கும். ஆக 52 மீட்டர். வேகத்தை 50-க்குக் குறைத்தால் மொத்தம் 38 மீட்டர் ஆகிவிடுகிறது. வெறும் 10 கி.மீ. குறைத்ததற்குக் கிடைத்தது 14 மீட்டர்.

பொள்ளாச்சி வரையிலான அகல ரோட்டில் ஒருவர் வலம், அடுத்தவர் இடம் என்று மாறி மாறிப் போகலாம். மலைப்பாதையில் அது வேண்டாம். ஒற்றை வரிசைதான். வளைவில் ஒவ்வொருவருக்கும் லேனின் முழு அகலமும் தேவைப்படும்.

கேள்வி: மழையில முன் பிரேக்கைத் தொடவே கூடாதுன்னு மெக்கானிக் சொன்னார். என் வண்டியில சிங்கிள் சேனல் ஏபிஎஸ்.

அந்த அறிவுரையைக் கேட்டுப் பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறவர்கள்தான் வால் ஆட்டி விழுகிறார்கள். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன் சக்கரத்துக்கு நகர்கிறது, பின் சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரம் ஈரத்தில் உடனே சுழலாமல் பூட்டிக்கொண்டு வழுக்கும். வண்டியை நிறுத்தும் வலு மழையிலும் முன் பக்கத்தில்தான் அதிகம். தவறு முன் பிரேக்கில் இல்லை, அதைப் பிடுங்குவதில் இருக்கிறது.

இரண்டு கட்டமாகப் பிடியுங்கள். முதலில் இரண்டு விரலால் லிவரை லேசாக அணைத்தால் போதும். டிஸ்க்கில் இருக்கும் தண்ணீரை பிரேக் பேட் வழித்துவிடும், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் மெல்ல அமுங்கும், டயர் சாலையில் பதியும். அதன் பிறகு அழுத்தத்தைக் கூட்டுங்கள். நனைந்த டிஸ்க் முதல் நொடியில் பிடிக்காத மாதிரி இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து இறுக்கினால், தண்ணீர் வழிந்ததும் மொத்தமாகக் கவ்வும். நீண்ட நேரம் பிரேக் தொடாமல் மழையில் ஓட்டினால், அவ்வப்போது லேசாகத் தொட்டு டிஸ்க்கைக் காய வைத்துக்கொள்ளுங்கள்.

ஏபிஎஸ் என்பது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் அமைப்பு. உங்கள் சிங்கிள் சேனல் ஏபிஎஸ் முன் சக்கரத்தை மட்டும்தான் காக்கும். பின் சக்கரம் பூட்டலாம், அதனால் பெடலில் பாதத்தின் எடை மட்டும் போதும். ஏபிஎஸ் வேலை செய்யும்போது லிவர் விரலுக்கடியில் துடிக்கும். விட்டுவிடாதீர்கள், பிடித்தபடியே இருங்கள். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் முன் சக்கரம் வழுக்குகிற உணர்வு வந்தால் அந்த நொடியே விட்டு, மறுபடி மெதுவாகப் பிடிக்க வேண்டும்.

இதை மலையில் போய்ப் பழகக் கூடாது. ரைடுக்கு முந்தைய வாரம், மழை பெய்த காலி மைதானத்தின் தார்த் தளத்திலோ ஆளில்லாத லேஅவுட் ரோட்டிலோ பழகுங்கள். 20 கி.மீ.-இல் பத்து முறை, 30-இல் பத்து முறை, 40-இல் பத்து முறை, நேர்கோட்டில் மட்டும். எங்கே நிற்கிறது என்று ஒரு கல் வைத்துப் பாருங்கள். கல் ஒரே இடத்தில் நிலைக்கத் தொடங்கினால் மழை மீதுள்ள பயத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: கொண்டை ஊசி வளைவுதான் பயம். ஏறும்போது ஆஃப் ஆகி சாஞ்சிடுவேனோன்னு இருக்கு.

பெரும்பாலான புது ரைடர்கள் விழுவது வேகத்தால் இல்லை, வளைவின் நடுவில் க்ளட்ச்சைப் பிடிப்பதால். க்ளட்ச் பிடித்ததும் பின் சக்கரத்துக்கு இழுவை போய்விடும், வண்டி தன் எடையிலேயே உள்பக்கம் சாயும். கியரை வளைவுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். 150 சிசி வண்டிக்கு ஏற்றத்தில் முதல் அல்லது இரண்டாவது கியர். உள்ளே போனபின் சீரான ஆக்ஸிலேட்டர், தேவைப்பட்டால் பின் பிரேக்கில் ஒரு சின்னத் தொடுதல். பார்வை முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது. தலையைத் திருப்பி, வளைவு முடிந்து சாலை தொடங்கும் இடத்தைப் பாருங்கள்.

ஏறும்போது இடது வளைவும் வலது வளைவும் ஒன்றல்ல. இடது பக்கம் திரும்பும் வளைவில் உள் ஓரம்தான் மிகச் செங்குத்து, மழைநீரோடு மண்ணும் சரளையும் அங்கேதான் வந்து தேங்கும். உங்கள் லேனின் நடுவில் இருங்கள், ஓரத்தை ஒட்டாதீர்கள். வலது வளைவு அகலமாகத் தெரியும். ஆனால் இறங்கி வரும் பஸ் முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்பும். மேலே பஸ் தெரிந்தாலோ ஹாரன் கேட்டாலோ, வளைவுக்கு 10 மீட்டர் முன்பே இடது ஓரம் நின்று அதை முழுதாக இறங்க விடுங்கள். ஏறுகிற வண்டிக்கு முன்னுரிமை என்று விதி இருக்கிறது. அதற்காகப் பஸ்ஸோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

வளைவில் வானவில் நிறத்தில் பளபளப்பு தெரிந்தாலோ டீசல் வாடை வந்தாலோ, டேங்க் நிரம்பிய வண்டி ஒன்று திரும்பும்போது சிந்தியிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் சாய்க்காமல், பிரேக் தொடாமல், வண்டியை நிமிர்த்தியே நகர்த்துங்கள். தார் மேல் பச்சையாகப் பாசி, நனைந்த இலை, சாலையில் பூசிய வெள்ளை மஞ்சள் கோடுகள் எல்லாவற்றுக்கும் இதே பாடம்தான்.

இறங்கும்போது நியூட்ரலில் உருட்டாதீர்கள். பெட்ரோல் மிச்சம் என்று பலர் செய்கிறார்கள். கியரில் இருக்கும்போது இன்ஜின் தரும் தடை (இன்ஜின் பிரேக்) இல்லாமல் எல்லாச் சுமையும் பிரேக்கில் விழுந்து சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். ஏறின கியரிலேயே இறங்குங்கள். கியர் குறைக்கும்போது க்ளட்ச்சைச் சட்டென்று விட்டால் ஈரத்தில் பின் சக்கரம் இழுபடும், மெதுவாக விடுங்கள்.

வரையாடு ஒன்று ஓரத்தில் நின்றால் அடுத்தது பின்னாலேயே தாண்டும் என்று எதிர்பாருங்கள். போட்டோவுக்காக வளைவிலேயே நிறுத்துவது பின்னால் வருகிறவருக்கு ஆபத்து.

கேள்வி: ஹெல்மெட் கண்ணாடி பனி மூடுது, வெளியே மூடுபனி வேற. கவர்க்கல் பக்கம் ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்றாங்க.

இரண்டும் வேறு வேறு பிரச்சினை. உள்ளே மூடுவது உங்கள் மூச்சு. வைசரை, அதாவது ஹெல்மெட் கண்ணாடியை, ஒரு கிளிக் அளவு திறந்து வையுங்கள், மூச்சைக் கீழே திருப்பும் மூக்குத் தடுப்பு இருக்கும் ஹெல்மெட்டானால் அதைப் பொருத்துங்கள். பின்லாக் (வைசரின் உள்பக்கம் மாட்டும், பனி மூடாத மெல்லிய தகடு) மாட்ட வசதி இருந்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. இல்லையென்றால் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு, உள்பக்கம் மெல்லியதாகத் தேய்த்து, காய்ந்தபின் மென்மையான துணியால் துடைத்தால் சில மணி நேரம் தாங்கும். கறுப்பு வைசர் வேண்டவே வேண்டாம்.

வெளியே மூடுபனி என்றால் ஹை பீம் போடாதீர்கள். வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். லோ பீமில், சாலையின் இடது ஓரக் கோட்டைப் பிடித்துப் போங்கள். எவ்வளவு தூரம் தெரிகிறதோ அதற்குள் நிற்க முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். 20 மீட்டர்தான் தெரிகிறது என்றால் 25-க்கு மேல் போகாதீர்கள். முன் வண்டியின் டெயில் லைட்டை மட்டும் பார்த்துக்கொண்டு போவது பழகிவிட்டால், அவர் தவறினால் நீங்களும் கூடவே போவீர்கள்.

கேள்வி: மழையில எல்லாரும் ஹசார்டு லைட் போட்டுட்டுப் போகலாமா?

வேண்டாம். எல்லா இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுவதால், திரும்ப இண்டிகேட்டர் போட்டது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. நின்ற வண்டிக்குத்தான் அது.

கேள்வி: டயர்ல காத்தைக் கொஞ்சம் குறைச்சா கிரிப் கூடுமாமே?

தார் ரோட்டில் கூடாது. காற்று குறைந்தால் டயரின் நடுப்பகுதி உள்வாங்கி, தண்ணீரை வெளியே தள்ளும் பள்ளங்கள் மூடிக்கொள்ளும். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவையே, டயர் சூடாகும் முன் காலையில் வையுங்கள். பட்டன் ஆழம், அதாவது டயர் பள்ளங்களின் ஆழம், இரு சக்கர வண்டிக்குச் சட்டப்படி 0.8 மில்லிமீட்டர் இருந்தால் போதும். மழையில் மலை ஏற 2 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் டயரை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: நான் ஸ்கூட்டர்ல இருந்து இப்பத்தான் பைக்குக்கு மாறினேன். மழைக்கு என்ன உடை வாங்கட்டும்? கை மரத்துப் போயிடுது.

சட்டையும் பேன்ட்டும் தனித்தனியாக இருக்கும் ரெயின் சூட் வாங்குங்கள் சகோதரி, பளிச்சென்ற மஞ்சளோ ஆரஞ்சோ. தொளதொளவென்ற போஞ்சோ கோட்டு காற்றில் பறந்து செயினிலோ சக்கரத்திலோ மாட்டும். துப்பட்டா, பையின் வார் எல்லாவற்றையும் உள்ளே செருகிவிடுங்கள்.

கை மரத்துப்போவதை அலட்சியப்படுத்தாதீர்கள். விரலில் உணர்வு இல்லையென்றால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. ரைடிங் கிளவுஸுக்கு உள்ளே மெல்லிய நைட்ரைல் கையுறை போட்டால் நனைந்தாலும் சூடு தங்கும். கிளவுஸின் வாயை ரெயின் கோட்டுக் கைக்கு உள்ளே விடுங்கள், வெளியே விட்டால் தண்ணீர் வழிந்து விரலில் தேங்கும். காய்ந்த சாக்ஸும் பனியனும் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருக்கட்டும். உடம்பு நடுங்கத் தொடங்கினால் நிறுத்தி, மாற்றி, சூடாக ஏதாவது குடித்துவிட்டுத்தான் அடுத்த கிலோமீட்டர்.

கேள்வி: ரோட்டுக்குக் குறுக்கே தண்ணி ஓடினா?

ஓடுகிற தண்ணீர், தரை தெரியவில்லை என்றால் திரும்புங்கள். தேங்கிய தண்ணீர் சக்கரத்தின் நடு அச்சுக்குக் கீழே இருந்தால் முதல் கியரில், ஆக்ஸிலேட்டரை விடாமல், ஒருவர் கரையேறிய பின் அடுத்தவர். நடுவில் ஆஃப் ஆனால் ஸ்டார்ட் அடிக்காதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளிக் கொண்டுவந்து பாருங்கள்.

கேள்வி: பாதி வழியில பயம் வந்துட்டா குரூப்ல எப்படிச் சொல்றது? கிண்டல் பண்ணுவாங்க.

கிளம்பும் முன்பே ஒரு சைகை பேசிக்கொள்ளுங்கள். இடது இண்டிகேட்டர் போட்டு இடது கையை உயர்த்தினால் எல்லோரும் அடுத்த அகலமான இடத்தில் நிற்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. அதற்குக் கிண்டல் செய்கிற குழுவோடு மழையில் மலை ஏறாதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

தோள் இறுகுவது, மூச்சைப் பிடித்துக்கொள்வது, ஹேண்டில்பாரை நெரிப்பது, இவைதான் முதல் அறிகுறிகள். கை இறுகினால் வண்டி தானாகச் சரிசெய்துகொள்ளும் சின்ன ஆட்டம்கூட ஹேண்டில்பாரில் பெரிதாகும். முழங்காலால் டேங்க்கை அணைத்து, முழங்கையை மடக்கித் தளர்த்துங்கள். பொள்ளாச்சி ரோட்டில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் தள்ளும்போதும் இதேதான். 9-வது வளைவில் லோம்ஸ் காட்சி முனை இருக்கிறது. அங்கே பத்து நிமிடம் நிறுத்தி, மீதி 31 வளைவு ஏறலாமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்பது லீடரின் கடமை. யாராவது வேண்டாம் என்றால் அவரோடு ஒருவர் கூடவே இறங்க வேண்டும்.

கேள்வி: எந்த அளவு மழைன்னா ரைடையே தள்ளிப்போடணும்?

வானிலை மையம் கோவை மாவட்டத்துக்கு ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால் தள்ளிப்போடுங்கள். மிகக் கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 115 மில்லிமீட்டருக்கு மேல். அந்த மழையில் மண்சரிவும் மரம் விழுவதும் உங்கள் ஓட்டும் திறமையைப் பார்ப்பதில்லை. மஞ்சள் என்றால் விடியற்காலையில் கிளம்பி, இருட்டும் முன் ஆழியாறு இறங்கிவிடும்படி திட்டமிடுங்கள். இருட்டினால் அந்தச் சாலை யானைகளுடையது.

கேள்வி: வீட்டுக்கு வந்ததும் வண்டிக்கு என்ன செய்யணும்?

செயினை அன்றைக்கே கவனியுங்கள். மழை ஆயிலைக் கழுவிவிட்டு மண்ணை ஒட்டவைத்திருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்தபின் 90 கிரேடு கியர் ஆயிலோ செயின் ஸ்ப்ரேயோ உள்பக்கமாக விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இன்ஜினை ஓடவிட்டுத் துணி வைக்காதீர்கள், விரல் போய்விடும். பிரேக் பேடில் மணல் உரசும் சத்தம் கேட்டால் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். பின் பிரேக் டிரம் என்றால் அதையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஹெல்மெட்டின் உள் பஞ்சை நிழலில் காயப்போடுங்கள், வெயிலில் வேண்டாம்.