கேளுங்க சொல்றேன்: சீட்டு கம்பெனியில ஆரம்பிச்ச சினிமா ஊரு

கேள்வி: அண்ணா, எங்க வீட்ல தமிழ், நான் படிச்சது தெலுங்கு மீடியம். டிவில வேலைக்குப் போகணும்னு ஆசை. விவசாயி வீட்டுப் புள்ளையான ராமோஜி ராவ் எப்படி பேப்பர், டிவி, சினிமா எல்லாத்தையும் கைல வெச்சிருந்தாரு?
— கல்லூரி மாணவர், நகரி

பதில்: தம்பி, எல்லாரும் ஹைதராபாத் பக்கத்துல அவர் கட்டுன ராமோஜி பிலிம் சிட்டில இருந்துதான் அவர் கதைய ஆரம்பிக்கறாங்க, அது ரொம்ப பின்னாடி வந்தது. ஆந்திரால கிருஷ்ணா மாவட்டம் பெதபாருபூடில 1936ல பொறந்தவரு, 1962ல மார்கதர்சி சீட்டு கம்பெனி போட்டாரு, 1974 ஆகஸ்ட் 10ல விசாகப்பட்டினத்துல ஈநாடுங்கற தெலுங்கு பேப்பர். அதுவரைக்கும் அந்த ஊருக்கு விஜயவாடால அச்சான பேப்பர் லேட்டாதான் வந்து சேரும், இவரு அங்கயே அச்சடிச்சு விடியறதுக்குள்ள வாசல்ல போட வெச்சாரு. அப்புறம் ஜில்லாவுக்கு ஜில்லா தனிப் பக்கம். எங்கப்பா தமிழ் மட்டுமே படிச்சவரு, புத்தூர் டீக்கடைல அந்த ஜில்லா பக்கத்துல நூல் வெலை என்ன, எந்த ரோட்ல பஸ் கவுந்துச்சுன்னு எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டியே தெலுங்கு வாசிக்கக் கத்துக்கிட்டாரு. சின்ன ஊர்க்காரனுக்கு அவன் ஊர் சேதிதான் பெரிய சேதின்னு புரிஞ்சு வெச்சிருந்தாரு பாரு, அவரோட பலமே அதுதான்னு நான் உறுதியா நம்பறேன்.

சினிமாலயும் அதே புத்திதான். உஷாகிரண் மூவிஸ்ங்கற அவரோட படக் கம்பெனில பெரிய ஹீரோ பின்னாடி ஓடல. விபத்துல கால் போய் ஜெய்ப்பூர் கால் வெச்சு மறுபடி ஆடுன சுதா சந்திரனையே நடிக்க வெச்சு 1985ல மயூரி எடுத்தாரு, அந்தப் பொண்ணுக்கு தேசிய விருதுல ஸ்பெஷல் ஜூரி பரிசே கெடச்சுது. 2000ல மலையாள நிறம் படத்த நுவ்வே காவாலின்னு எடுத்தப்பவும் ஹீரோ புதுசுதான்.

1995 ஆகஸ்ட் 27ல அவரோட தெலுங்கு சேனல் ஈடிவி வந்துச்சு. அடுத்த வருஷம் பாடுதா தீயகாங்கற பாட்டுப் போட்டி, நம்ம கோனேட்டம்பேட்டை குடும்பத்து எஸ்பிபி நடத்துனது. அந்த நேரம் வந்தா எங்கம்மா தறிய நிறுத்திட்டு முந்தானைல ஒட்டுன பஞ்சோடவே வந்து உக்காந்துடுவாங்க, பாதி வார்த்தை புரியாது, ஆனா பாடற புள்ள சுருதி தப்புனா எஸ்பிபி வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே உச் கொட்டுவாங்க.

அந்த 1996லதான் பிலிம் சிட்டி, சுமார் 1,666 ஏக்கர், உலகத்துலயே பெருசுன்னு கின்னஸ்ல ஏறுனது. ஒரு காலத்துல தெலுங்குப் படம் எடுக்க மெட்ராஸ்தான் போகணும். இங்க கதையோட வந்தா முடிஞ்ச படத்தோட போகலாம், செட்டு, லேப், தங்கற ரூம் எல்லாம் ஒரே எடத்துல.

கேள்வி: அவர் மேல கேஸ் எல்லாம் இருந்துச்சே, அத சொல்லாம விடலாமா?
— வாசகி, சித்தூர்

பதில்: விடக்கூடாதும்மா. அவரோட இன்னொரு கம்பெனி மார்கதர்சி பைனான்சியர்ஸ் ஜனங்ககிட்ட டெபாசிட் வாங்குனது ரிசர்வ் வங்கி சட்டத்துக்கு விரோதம்னு 2006ல கெளம்புன விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 2024 ஏப்ரல்ல திரும்பவும் ஹைகோர்ட்டுக்கே வந்துச்சு, அந்த ஜூன் 8ல ராமோஜி ராவ் காலமாயிட்டாரு. நடிகர் என்டிஆர் தெலுங்கு தேசம் கட்சி ஆரம்பிச்சப்ப ஈநாடு பக்கம் பக்கமா ஆதரிச்சதும் எல்லாருக்கும் தெரியும். பேப்பரும் டிவியும் ஒரே கைல இருந்தா அரசியல்ல எவ்ளோ எடை வரும்னு அதுலயே தெரியுது, எனக்கு அது சங்கடமான விஷயம்தான்.

நகரி தம்பிக்கு இன்னொண்ணு, ஹைதராபாத்ல ஈநாடு ஜர்னலிசம் ஸ்கூல் இருக்கு, அங்க எல்லாம் தெலுங்குலதான், அதனால இப்பவே தினம் ஒரு பக்கம் உங்க ஊர் சேதிய தெலுங்குல எழுதிப் பழகு.